இடிப்பது நாம், உரிமம் யாருக்கு?

2022 டிசம்பர் கடைசியில் வேங்கைவயல் செய்தி வந்தபோது நான் ஊரில்தான் இருந்தேன். புதுக்கோட்டை மாவட்டத்தில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கிற மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்த செய்தி. அடுத்த சில நாட்களில் அந்தத் தொட்டியையே இடித்துத் தள்ள வேண்டும் என்ற குரல் எழுந்தது. நானும் அதையேதான் சொன்னேன். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பிக் கேட்டார்: “இடிக்கணும்னா யாரை மேல ஏத்துவாங்க?”

என்னிடம் பதில் இல்லை. அப்பா கேட்டது கேலிக்காக அல்ல. முப்பது வருடம் கட்டடம் இடித்தவர் அவர். தொட்டியின் தூணை எந்தப் பக்கம் முதலில் வெட்ட வேண்டும், வெட்டினால் எந்தப் பக்கம் சாயும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டுத்தான் அதைக் கேட்டார். அந்த அவமானத்தின் சின்னத்தை உடைக்கவும் கடைசியில் சேரியிலிருந்துதான் ஆள் தேடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஏறுகிறவருக்கு இடுப்புக் கயிறுகூட இருக்காது என்பதும் தெரியும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஆபத்தான வேலையைச் செய்வது யார், அதற்கான உரிமம் யார் பையில் இருக்கிறது?

எங்கள் பக்கம் இந்த வேலையை ‘வீடு பிரிக்கிறது’ என்பார்கள். செட்டிநாடு என்றதும் எல்லோருக்கும் காரைக்குடிதான் நினைவுக்கு வரும். ஆனால் ராயவரம், கோனாபட்டு, ராங்கியம், அரிமளம், நச்சாந்துபட்டி என்று செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்து சேர்ந்த பணத்தில் எழுந்த மாளிகைகள். இரண்டாம் உலகப்போரோடு அந்த வருமானம் சரிந்தது. அடுத்த தலைமுறைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டன. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள். பராமரிக்கவும் முடியாது, பங்கு பிரிக்கவும் முடியாது. அப்படிப்பட்ட பல வீடுகள் பிரிப்புக்கு விலைபோயின. பர்மா தேக்கு உத்திரம், தூண், நிலைக்கதவு, ஆத்தங்குடிக் கல் எல்லாம் தனித்தனியாகக் கழன்று பழம்பொருள் கடைகளுக்கும், அங்கிருந்து நட்சத்திர விடுதிகளுக்கும் போயின.

அந்த வீடுகளின் முகப்பைத் தாண்டி என் பாட்டனார் போனதில்லை. திண்ணையில் உட்கார்ந்ததும் இல்லை. என் அப்பா அதே வீடுகளின் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, முகப்பு மெத்தை எல்லாவற்றுக்கும் போயிருக்கிறார். வாசல் வழியாக அல்ல, ஓட்டைப் பிரித்துக் கூரை வழியாக இறங்கி. “அந்த வீட்டுக்குள்ள நாங்க போனா அந்த வீடு இருக்காது” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

இது கடப்பாரை எடுத்தவரெல்லாம் செய்துவிடக்கூடிய வேலை அல்ல. கட்டுவதைவிட இடிப்பதற்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும். கட்டும்போது கையில் வரைபடம் இருக்கும். எண்பது, நூறு வருடக் கட்டடத்தை இடிக்கும்போது எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய வீட்டில் மேலே கிடக்கிற உத்திரங்களும் குறுக்குக் கட்டைகளும்தான் எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். காசு தேக்கில்தான் இருக்கிறது என்று முதலில் உத்திரத்தை உருவினால், சுவருக்குப் பிடிமானம் போய்விடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பத்துப் பதினைந்தடிச் சுவர் பார்ப்பதற்கு மலை மாதிரி நிற்கும். ஒரு மழை, பக்கத்தில் ஒரு லாரி அதிர்வு போதும். அதனால்தான் மேலிருந்து கீழாக, கட்டியதற்கு நேர் தலைகீழ் வரிசையில், சுவரையும் கூடவே குறைத்துக்கொண்டு இறங்க வேண்டும். இதை அப்பாவுக்கு எந்தப் பாலிடெக்னிக்கும் சொல்லித் தரவில்லை.

என் சித்தப்பா இறந்தது இந்த வரிசை மாறியதால்தான். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நேரம். வீட்டைப் பிரிப்புக்கு எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டார். மரத்துக்கு ஆள் வந்து காத்திருக்கிறது, முதலில் உத்திரத்தை இறக்கு என்றார். இரண்டு நாளில் உத்திரம் இறங்கியது. மூன்றாம் நாள் சுவர் இறங்கியது.

இழப்பீடு கேட்டுச் சித்தியோடு நான்தான் அலைந்தேன். ஒப்பந்தக்காரர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. “அவன் எங்கிட்ட வேலை பாக்கவே இல்ல. விறகு பொறுக்க வந்தவன்.” இல்லை, வேலைதான் பார்த்தார் என்று நிரூபிக்க எங்களிடம் ஒரு துண்டுத்தாள் இல்லை. வருகைப் பதிவேடு இல்லை, கூலிச் சீட்டு இல்லை, நலவாரிய அட்டை புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிக் கிடந்தது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923லேயே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் கதவைத் தட்ட முதலில் நீங்கள் ‘பணியாளர்’ என்று காட்ட வேண்டியிருந்தது. பதினைந்து வயதிலிருந்து வீடு பிரித்த மனிதர், செத்தபிறகு விறகு பொறுக்கியவராக ஆனார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிற்பாடு ஆராய்ச்சிக்கு வந்தபோது தேடிப் படித்தேன். சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1996ஆம் ஆண்டின் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம், ‘கட்டட வேலை’ என்பதற்குள் இடிப்பு வேலையையும் சேர்த்துத்தான் வரையறுத்தது. அதன் கீழ் 1998ல் வந்த மத்திய விதிகளில் இடிப்புக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. மின்சாரம், தண்ணீர், எரிவாயு இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். பொறுப்பான ஒருவர் மேற்பார்வையிட வேண்டும். தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 4130 என்ற பாதுகாப்பு நெறிமுறை, கட்டடத்தை எப்படி இடிக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. அப்பாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். “இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே” என்றார். தெரிந்ததுதான். அவருக்குத் தெரிந்திருந்தது, சொல்ல அதிகாரம் இல்லை. ஒப்பந்தக்காரருக்கு அதிகாரம் இருந்தது, தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்தச் சட்டம் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்துக்குத்தான் முழுமையாகப் பொருந்தியது. வீடு பிரிக்கிற ‘செட்டு’ என்பது ஆறு பேர், எட்டுப் பேர். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி 20 பேரை வைத்து வேலை வாங்கினால்தான் ஒப்பந்தக்காரருக்கு உரிமம் தேவைப்பட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அந்த 20ஐ 50 ஆக உயர்த்திவிட்டது. ஆக எட்டுப் பேர் சுவருக்கு அடியில் நிற்கலாம், எட்டுப் பேரும் சாகலாம். அவர்களை அங்கே நிறுத்தியவருக்கு எந்த உரிமமும் வேண்டாம். வீட்டுக்கு ஒயரிங் செய்ய உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் வேண்டும் என்று கேட்கிற நாட்டில், அதே வீட்டின் மச்சைக் கீழே தள்ளுகிறவரிடம் ஒரு தாளும் கேட்பதில்லை.

இடிப்பு வேலைக்கு உரிமமும் நிபுணரும் வருகிற இடங்களும் இருக்கின்றன. மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு அடுக்குமாடியை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2020 ஜனவரியில் கேரளத்தின் மரடு அடுக்குமாடிகள், 2022 ஆகஸ்டில் நொய்டா இரட்டைக் கோபுரம். வெடிபொருளை வாங்க, வைக்க, வெடிக்க அனுமதி வேண்டும். சுற்றுவட்டாரத்தைக் காலி செய்தார்கள், தொலைக்காட்சிகள் நேரலை செய்தன. அந்த அக்கறை தேவைதான். ஆனால் அது பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கான அக்கறை. பக்கத்தில் ‘மதிப்புள்ள’ யாரும் இல்லாத இடத்தில், இடிக்கிறவர் மட்டுமே ஆபத்தில் இருக்கிற இடத்தில், அதே அக்கறை ஏன் வருவதில்லை?

இங்கே ஒரு பொருளாதாரச் சூட்சுமம் இருக்கிறது. கட்டுகிற மேஸ்திரிக்கு வீட்டுக்காரர் பணம் கொடுக்கிறார். இடிப்பில் பெரும்பாலும் தலைகீழ். இடிப்பை எடுக்கிறவர்தான் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுக்கிறார். மரம், கம்பி, செங்கல், கதவு எல்லாம் அவருக்கு. அரசு அலுவலகத்தின் பழைய கட்டடங்களும் இப்படித்தான் ஏலம் போகின்றன. அதிகத் தொகை கேட்டவருக்கு இடிக்கும் உரிமை. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மாணவர்கள் மூன்று பேர் இறந்தபிறகு, மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் ஏலத்தில் அதிகம் கொடுத்து எடுத்தவர் லாபத்தை எங்கே தேடுவார்? சாரம், கயிறு, தலைக்கவசம், கூடுதல் இரண்டு நாள் கூலி, இவற்றில்தான் கை வைப்பார். ஆக, ஏல முறையே பாதுகாப்புக்கு எதிராக அமைந்திருக்கிறது. ஒரு ஒப்பந்தக்காரர் நல்லவரா கெட்டவரா என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

என் சித்தப்பா மகனுக்கு இப்போது 28 வயது. சிங்கப்பூரில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தான். எங்கள் மாவட்டத்தில் ‘ஸ்கில் அடிக்கப் போறேன்’ என்றால் எல்லோருக்கும் புரியும். அங்கே கட்டுமான வேலைக்குப் போக இங்கே தொழில்திறன் தேர்வு. அங்கே போய் இறங்கியதும் பாதுகாப்பு வகுப்பு, அதில் தேறினால்தான் வேலை அனுமதி. சான்று காலாவதியானால் மறுபடி எழுத வேண்டும். அங்கேயும் நம் ஆட்களின் நிலைமை சொர்க்கம் இல்லை. லாரிப் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு போவதையும், ஏஜெண்டுக்குக் கட்டிய கடனையும் அவனே சொல்லியிருக்கிறான். ஆனாலும் இடுப்பில் பெல்ட் மாட்டாமல் அவனை மேலே ஏற்றியதில்லை. அதே உடம்பு, அதே கை. திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும் அந்த உடம்புக்கு மதிப்பு இல்லாமல் போகிறது.

ஊருக்கு வந்தவன் சொந்தமாக இடிப்பு வேலை எடுக்கலாம் என்று முடிவு செய்தான். அப்பாவின் அனுபவம் இருக்கிறது, அவனிடம் பாதுகாப்புப் பயிற்சி இருக்கிறது, ஊரில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அரசுக் கட்டட ஏலங்களில் நேரடியாகக் கலந்துகொள்ள ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்யப் போனான். சொத்து மதிப்புச் சான்று கேட்டார்கள். எங்களுக்கு இருப்பது தொகுப்பு வீடு. முன்வைப்புத் தொகை கேட்டார்கள். கடைசியாக அனுபவச் சான்று கேட்டார்கள். மூன்று வருடம் இந்த வேலை செய்ததற்கு அத்தாட்சி. பாட்டனார் கிணறு வெட்டினார், அப்பா வீடு பிரித்தார், சித்தப்பா அதிலேயே செத்தார். ஆனால் செய்த வேலை ஒவ்வொன்றும் வேறு யாரோ ஒருவர் பெயரில்தான் காகிதத்தில் இருந்தது. எந்த ஒப்பந்தக்காரர் சித்தப்பாவை ‘விறகு பொறுக்க வந்தவன்’ என்றாரோ, அவரிடம் அனுபவச் சான்று இருந்தது. அதில் எங்கள் குடும்பத்தின் உழைப்பும் அடக்கம்.

சாதி இன்று இப்படித்தான் வேலை செய்கிறது. யாரும் தம்பியைச் சாதி கேட்கவில்லை. நிலம் கேட்டார்கள், பணம் கேட்டார்கள், காகிதம் கேட்டார்கள். இந்த மூன்றும் யாரிடம் இருக்கும், யாரிடம் இருக்காது என்பது பல தலைமுறைகளுக்கு முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்டது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே படிநிலைகளாகப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கினார். உரிமம், பதிவு, ஏலம் என்கிற இன்றைய சொற்களுக்குள்ளும் அந்தப் படிநிலை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

எனவே ‘இடிப்பு வேலைக்கு உரிமம் கொண்டுவா’ என்று மட்டும் கேட்டால் போதாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இடிப்புக்குத் தனி உரிமம் இருக்கிறது. பிரிட்டனில் இடிப்பதற்கு முன்பே எப்படி இடிக்கப் போகிறோம் என்று எழுத்தில் வைத்தாக வேண்டும். இவை நமக்கும் வேண்டும். ஆனால் அதை இங்கே அப்படியே கொண்டுவந்தால் என்ன நடக்கும்? ஜேசிபி வைத்திருக்கிற, நிலமுள்ள சாதிக்காரர் உரிமம் வாங்குவார். எங்கள் அப்பாக்கள் ‘உரிமம் இல்லாமல் இடித்த குற்றவாளிகள்’ ஆவார்கள். இயந்திரம் நுழையாத குறுகிய சந்துக்கும், பொதுச்சுவர் உள்ள வீட்டுக்கும் அதே உரிமக்காரர் அதே அப்பாக்களைக் கூலிக்கு அழைப்பார்.

இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கல் குவாரிகளைக் கல் உடைக்கிற பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போன காலம், பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட காலம். கொத்தடிமைகளாக இருந்த குவாரிகளைப் பெண்களே எடுத்து நடத்தியதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். சுத்தியலும் அவர்களுடையது, குத்தகைத் தாளும் அவர்களுடையது. தங்கள் பிடி நழுவியதைக் குவாரி ஒப்பந்தக்காரர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆட்சியர் மாறினார், அரசின் அக்கறையும் மாறியது. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. இன்று அதே மாவட்டத்தில் குவாரி உரிமம் என்றால் எவ்வளவு பெரிய பணம் என்பதை, 2025 ஜனவரியில் திருமயம் அருகே ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டபோது பார்த்தோம். கனிமக் கொள்ளைக்கு எதிராகப் புகார் கொடுத்தவர் அவர். கைதானவர்களில் குவாரி உரிமையாளர்களும் இருந்தார்கள்.

அந்தப் பெண்களின் கதையை நான் தோல்விக் கதையாகப் படிக்கவில்லை. உரிமம் உழைப்பவர் கைக்கு வர முடியும் என்பதற்கு அது சாட்சி. ஒரு நல்ல அதிகாரியின் மனதை நம்பிக் கிடைத்த உரிமம் அவரோடு போய்விடும் என்பதற்கும் அதுவே சாட்சி. பெறுவதற்கு ஒரு ஆட்சியர் போதும். காப்பதற்குச் சட்டமும் அமைப்பும் வேண்டும்.

சில தோழர்கள் என்னிடம் கேட்பதுண்டு: “இந்த ஆபத்தான வேலையிலிருந்து நம் மக்கள் வெளியேற வேண்டாமா? அதற்குள்ளேயே உரிமம் கேட்பது சாதித் தொழிலை நிலைநிறுத்துவதாகாதா?” நியாயமான கேள்வி. மலக்குழியில் மனிதர் இறங்குவதற்கு உரிமம் கேட்டால் அது அயோக்கியத்தனம். அந்த வேலை ஒழிய வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடையே செய்திருக்கிறது. ஆனால் கட்டடம் இருக்கும்வரை இடிப்பும் இருக்கும். இந்த வேலையில் இழிவு எதுவும் இல்லை. இழிவு இருப்பது அதைச் செய்கிறவருக்குக் கயிறும் கூலியும் பெயரும் மறுக்கப்படுவதில். நாங்கள் வெளியேறினால் அந்த இடத்துக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் எங்களைப் போன்ற இன்னொருவர் வருவார். அவருக்கும் அதே சுவர்தான். நான் வெளியேறிவிட்டேன், பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுவர் அங்கேயேதான் நிற்கிறது.

என் கோரிக்கைகள் எளிமையானவை. ஒரு மாடிக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தை இடிப்பதற்கும், எத்தனை பேர் வேலை செய்தாலும், எழுத்துப்பூர்வமான இடிப்புத் திட்டமும் தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரும் கட்டாயமாக வேண்டும். அந்தத் தகுதிச் சான்றை, ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்குச் செய்முறைத் தேர்வு வைத்து, தமிழில், கட்டணமின்றி அரசே தர வேண்டும். சொத்து மதிப்பையும் பழைய ஒப்பந்தத் தாளையும் கேட்கக் கூடாது. அரசுக் கட்டடங்களை அதிக விலைக்கு ஏலம் விடும் முறையில், பாதுகாப்புச் செலவைத் தனியாக ஒதுக்கிவைத்து, அதில் கைவைக்க முடியாதபடி செய்ய வேண்டும். கர்நாடகத்தில் குறிப்பிட்ட மதிப்பு வரையான அரசுப் பணி ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் ஒதுக்கச் சட்டம் செய்திருக்கிறார்கள். சமூகநீதி மண் என்று சொல்லிக்கொள்கிற தமிழ்நாடு அதைச் செய்ய என்ன தடை? அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் தருகிறார்கள். ஜேசிபி வாங்கக் கடன் கிடைத்தாலும், வேலை எடுக்கப் பதிவு கிடைக்கவில்லையென்றால் அந்த வண்டி வாடகைக்குத்தான் ஓடும்.

தம்பி இப்போது வேறொருவர் பெயரில் வேலை எடுத்துச் செய்கிறான். ஒவ்வொரு வேலைக்கும் அந்தப் பெயருக்கு ஒரு பங்கு போகிறது. ஆனால் ஒன்றை அவன் மாற்றியிருக்கிறான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, ஊர், கட்டடம், எத்தனை பேர், யார் யார், என்ன கூலி என்று தினமும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறான். முதல் பக்கத்தில் அப்பா செய்த வேலைகளை அவர் சொல்லச் சொல்ல நினைவிலிருந்து எழுதியிருக்கிறான். எந்த அலுவலகமும் இன்னும் அதை அனுபவச் சான்றாக ஏற்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது அந்த நோட்டை என்னிடம் காட்டினான். சித்தப்பா இறந்த வீட்டின் வரிசையில், எட்டுப் பெயர்களில் அவர் பெயரும் இருந்தது. பெயருக்கு எதிரே வேலை என்கிற கட்டத்தில் எழுதியிருந்தான்: ‘உத்திரம் இறக்குதல்’.